குளிருது என்றுதான் சொன்னேன்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனவர்கள். ஐந்து பேருக்கு ஒரு சோறு, இரண்டு பேருக்கு ஒரு சோறு என்று நான் பரிமாறியதில்லை. அந்த ஏழு பேருக்கும் காய்ச்சல் வந்த நாட்களில் ஒருநாளாவது கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துச் சூடு பார்த்ததில்லை. புறங்கையை முதலில் நெற்றியில் வைப்பேன், பிறகு நெஞ்சில் வைப்பேன். எவ்வளவு சூடு என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஏழு பேரில் கடைசியானவனின் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன், மெல்பேர்னில், ரோவில் என்ற இடத்தில். அவன் போன ஆடி மாதம் முழுக்க என் முகத்தைப் பார்த்து, "வீடு குளிரேல்லை அம்மா, உங்களுக்குத்தான் குளிருது" என்று சொன்னான். என்னைப் பற்றி டொக்டரின் கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. இங்கிலீசில் இருக்கிறது. என் பக்கத்துக் கதை எந்தக் கோப்பிலும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும்தான் வரும். அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும்.

இந்த வீட்டில் சூடு நிலத்திலிருந்து வரும். ஒவ்வொரு அறையின் நிலத்திலும் ஒரு கம்பித் தட்டி பதித்திருக்கிறது. வெளியே, உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய இரும்புப் பெட்டி நிற்கிறது. அது உறுமத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் தட்டிகள் வழியே சூடான காற்று மேலே வரும். காலையில் நான் குசினித் தட்டியின் மேல் நின்று, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணி குடிப்பேன். மருமகள் ஒருநாள் அதைப் பார்த்து, "மாமி, பலூன் மாதிரி நிக்கிறியள்" என்று சிரித்தாள். "நீயும் எழுபத்தொன்பதுக்கு வா பிள்ளை, அப்ப ரெண்டு தட்டி தேடுவாய்" என்றேன். மருமகள் நல்லவள். அவளையும் இந்தக் கதையில் திட்டத்தான் போகிறேன், ஆனாலும் நல்லவள்.

வெளியே நிற்கும் இரும்புப் பெட்டிக்கு எப்போது உறுமு, எப்போது ஓய் என்று சொல்வதற்கு, நடைச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. தெர்மோஸ்டாட் என்பார்கள். நான் சூட்டுப்பெட்டி என்பேன். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. அதன் அடியில் சின்ன நாக்கு ஒன்று இருந்தது. வலப்பக்கம் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், வெளியே உறுமல் தொடங்கும். அதில் இருந்த இலக்கங்கள் எறும்பு அளவு. அவற்றை வாசிக்க என் கண்ணால் முடியாது. ஆகவே என் ஒட்டுப் பொட்டு ஒன்றை எடுத்து, நாக்கு எங்கே நின்றால் சரியோ அங்கே ஒட்டிவைத்தேன். அரக்குப் பொட்டு. நாக்கைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தால் எனக்கும் சூடு போதும், மற்றவர்களுக்கும் போதும். ஒன்பது குளிர்காலம் அப்படியே போனது. ஒரு சண்டையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மகன் வேலைக்குப் போகாமல் நின்றான். ஹீற்றர் பார்க்கிற ஆள் ஒருவன் ஏணியோடு வந்தான். இருவரும் நடையில் நின்று என் பொட்டுப் பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"உதுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

"வருத்தம் ஒண்டும் இல்லை அம்மா. பழசு."

"பழசெண்டால் கழட்டுறதோ? அப்ப என்னையும் சேத்துக் கழட்டு."

"ஐயோ, தொடங்கிட்டியளோ" என்றான். ஏணிக்காரன் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான்.

புதிய பெட்டி உள்ளங்கை அளவு. முழுக்கக் கண்ணாடி. வயர் கிடையாது. சுவரில் மாட்டலாம், இல்லாவிட்டால் ஒரு சின்னக் காலில் வைத்து மேசையில் நிறுத்தலாம். அது இருக்கும் இடத்தில் எவ்வளவு சூடு என்று தானே பார்த்து, காற்றிலேயே வெளிப் பெட்டிக்குச் செய்தி அனுப்புமாம். காலையில் எவ்வளவு, பகலில் எவ்வளவு, பின்னேரம் எவ்வளவு என்று ஒரு கிழமைக்கும் முன்கூட்டியே போட்டுவைக்கலாமாம். மகன் பெருமையோடு போனைக் காட்டினான்.

"இஞ்ச பாருங்கோ. நான் வேலையில இருந்தே வீட்டுச் சூட்டைப் பாப்பன்."

"வீட்டுக்குள்ள இருக்கிறவளைக் கேட்டால் தெரியாதோ?"

"நீங்கள் ஒண்டும் தொடத் தேவையில்லை அம்மா. எல்லாம் அது தானாப் பாக்கும்."

ஒன்பது வருடம் நான் தொட்டுத்தான் இந்த வீடு சூடாக இருந்தது. இனித் தொடத் தேவையில்லையாம்.

இப்போது நான் எழுதப்போவதை ஒளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் வந்த புதுச் சாமான் அது. "முதல் சாமிக்கு முன்னால வை" என்று சொன்னவள் நான்தான். எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் வழக்கம். சோறு காய்ச்சும் பெட்டி, பேத்தியின் பள்ளிக்கூடக் கொம்பியூட்டர், காரின் திறப்பு, எல்லாம் ஒருநாள் சாமி அலுமாரியில் இருந்துவிட்டுத்தான் வேலைக்குப் போயின. மருமகள் அந்தக் கண்ணாடியின் மூலையில் சந்தனமும் குங்குமமும் தொட்டு, அலுமாரிக்குள்ளே பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மகன் மறுக்கவில்லை. "வயர் இல்லைதானே, எங்கை எண்டாலும் வைக்கலாம்" என்றான். பழைய பெட்டி இருந்த இடத்தில் சுவர் ஓட்டையாகவும் பெயின்ற் இல்லாமலும் இருந்தது. அதை அடைத்துப் பெயின்ற் அடித்துவிட்டு, வருகிற கிழமை புதியதை அங்கே மாட்டுவேன் என்றான்.

அவனுடைய வருகிற கிழமை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானும் மறந்துபோனேன். சாமி அலுமாரியில் இருப்பவற்றை நாங்கள் கும்பிடுகிறோம். யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

திங்கட்கிழமை வந்தது. எட்டரைக்கு முன் மகன், மருமகள், பேத்தி மூவரும் போய்விட்டார்கள். நான் குளித்து, ஒன்பது மணிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, காய்கறியை எடுத்துக்கொண்டு குசினியில் கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளி உறுமல் நின்றது. சரி, மறுபடி தொடங்கும் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. பத்தரைக்குக் கால் விறைத்தது. பன்னிரண்டு மணிக்கு நிலம் மீன்கடை ஐஸ் போல இருந்தது. ஒரு ஸ்வெற்றருக்கு மேல் இன்னொரு ஸ்வெற்றர் போட்டேன். மகனின் கம்பளித் தொப்பியைத் தலையில் போட்டேன். வெங்காயம் வெட்டக் கத்தியைப் பிடித்தால் விரல் மடங்க மறுத்தது. தட்டியின் மேல் போய் நின்றேன். தட்டியிலிருந்து கிணற்றுக் குளிர்தான் வந்தது.

நாலு மணிக்குப் பிறகு, தானாகவே உறுமல் தொடங்கியது. ஆறு மணிக்கு அவர்கள் வந்தபோது வீடு இதமாக இருந்தது. நான் தொப்பியோடு இருந்தேன்.

"என்ன அம்மா, பனிமலைக்குப் போறியளோ?" என்று மகன் கேட்டான்.

"பகல் முழுக்க ஹீற்றர் வேலை செய்யேல்லை. விறைச்சுப்போனன்."

அவன் போனை எடுத்தான். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு கோடு மலைபோல ஏறி இறங்கியிருந்தது. "மத்தியானம் இருபத்தாறு அம்மா. ஹீற்றர் போடவே தேவையில்லாத சூடு. வெயில் அடிச்சிருக்கு, அதுதான் அது தானா நிப்பாட்டியிருக்கு."

"இருபத்தாறோ? ஆரு சொன்னது?"

"போன்."

"அதுக்குக் கால் இருக்கோ, குளிர?"

பேத்தி சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. "போன் பொய் சொல்லாது அம்மா" என்றான்.

அப்படியென்றால் பொய் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு அறைக்குப் போனேன்.

இவனுக்கு ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் மூன்றாம் நாள், சூடு இறங்கிவிட்டது, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். வீட்டுக்கு விடும் துண்டும் எழுதிவிட்டார்கள். நான் புறங்கையை இவன் நெஞ்சில் வைத்தேன். இறங்கவில்லை. உள்ளே நின்றது. "நான் கொண்டுபோகமாட்டன்" என்று வாசலில் கிடந்த மர வாங்கில் இவனை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். படித்த நேர்ஸ் வந்து ஏசினாள். அசையவில்லை. பின்னேரம் இவனுக்கு வலிப்பு வந்தது. வாசலிலேயே இருந்தபடியால் அந்த நிமிடமே உள்ளே எடுத்தார்கள். அதே கைதான் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதை மாற்றிப் புதிது போடவில்லை.

செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். சனி ஞாயிறில் பகலில் வீட்டில் நிற்பவர் யார்? தமிழ்ப் பள்ளிக்கூடம், நீச்சல், கோயில், ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே அந்தக் குளிர் எனக்கு மட்டும் கிடைத்த குளிர்.

இரண்டாம் கிழமை நான் சாட்சி கொண்டுவந்தேன். என் அறை அலுமாரியில் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருக்கிறது. குளிர்ந்தால் உறையும், சூடு பட்டால் இளகும். இந்த நாட்டில் நான் காலநிலை பார்ப்பது அந்தப் போத்தலில்தான். மகன் வேலையால் வந்ததும் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். ஒரு சொட்டும் அசையவில்லை.

"பகல் முழுக்க இருபத்தாறு எண்டனி. அப்ப இது ஏன் கல்லாக் கிடக்கு?"

அவன் போத்தலை வாங்கி, ஒட்டியிருந்த தாளை வாசித்தான். "இது வேற பிராண்ட் அம்மா. இஞ்ச விக்கிறதில என்னென்னவோ கலக்கிறாங்கள்."

"எண்ணெய் எண்ணெய்தான்."

"அம்மா, நான் எஞ்சினியர்."

"நான் எண்ணெய் வைக்கிறவள்."

மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமி, வயது போகப் போக எல்லாருக்கும் குளிர் கூடத்தான். ஒருக்கா இரத்தம் பாப்பமே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து குழாய் இரத்தம் எடுத்தார்கள். என் வீட்டு ஹீற்றர் வேலை செய்யவில்லை என்பதற்கு என் கையில் ஊசி. ஒரு கிழமை கழித்து மறுமொழி வந்தது. இரத்தம் நல்லது, சீனி நல்லது, தைரொயிட்டும் நல்லதாம். நான் சந்தோஷப்பட்டேன், இனியாவது ஹீற்றரைப் பார்ப்பார்கள் என்று. அவர்கள் பார்த்த பார்வை வேறு. இரத்தத்தில் பிழை இல்லை, பெட்டியில் பிழை இல்லை. மிச்சம் இருப்பது என் மூளை.

அந்தச் சனிக்கிழமை நான் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மகன் நடையில் நின்று, சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் என் மூத்த மகளோடு போனில் கதைத்தான். கதவு திறந்திருந்தது.

"அம்மா கொஞ்சம் குழம்புறா அக்கா. இல்லாத குளிரைக் குளிர் எண்டுறா... ஓம், எண்ணெய்ப் போத்திலைத் தூக்கிக்கொண்டு திரியிறா... பகலில தனிய விட எனக்குப் பயமா இருக்கு. நீ வீட்டில தானே. உன்னட்டை விடுவமோ எண்டு யோசிக்கிறன்... இல்லை, டொக்டருக்கு எழுதிப் போட்டன். நேர்ஸ் வீட்டை வந்து ரெஸ்ற் பண்ணட்டும். அதில என்ன வருகுதோ பாப்பம்."

கையில் இருந்த சேலையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். மூத்தவள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது. அது வேறு. நான் போக விரும்பினால் பெட்டியை நானே அடுக்கிப் போவேன். புத்தி கெட்டுப்போனாள் என்று சொல்லி என்னை ஒருவர் ஏற்றிவிட, இன்னொருவர் இறக்கி எடுப்பதா? ஏழு பேரை வளர்த்தவள் கடைசியில் பார்சலா?

திங்கட்கிழமை காலை அடுப்புப் பற்றவைக்கும் லைற்றர் அதன் ஆணியில் இல்லை. மேசையில் ஒரு டப்பா இருந்தது. "மத்தியானச் சாப்பாடு மாமி. மைக்ரோவேவில ரெண்டு நிமிசம். அடுப்பை இப்போதைக்கு விடுங்கோ" என்று மருமகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விளக்கையும் விடச் சொல்லுறியோ?"

அவள் தயங்கினாள். சாமி விஷயத்தில் அவளுக்குப் பயம் உண்டு. "விளக்கை ஏத்துங்கோ மாமி. கவனம்" என்றாள்.

நெருப்புப் பெட்டி என்னிடம் இருந்தது. அதனால் அடுப்பையும் பற்றவைத்திருப்பேன். வைக்கவில்லை. களவாகச் சமைக்கிறவள் இல்லை நான். டப்பாச் சோற்றையும் தொடவில்லை. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்று ஸ்வெற்றரோடு கதிரையில் இருந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு நேர்ஸ் வந்தாள். வெள்ளைக்காரப் பெண், நல்ல உயரம், நீலக் கோட். மருமகள் அன்றைக்கு லீவு எடுத்து வீட்டில் நின்றாள். இந்தப் பெட்டி வந்தபிறகு, வேலைநாள் பகலில் என்னைத் தவிர இன்னொருவர் இந்த வீட்டுக்குள் இருந்தது அதுதான் முதல்தடவை. வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். நேர்ஸ் தன் போனை மேசையில் வைத்து, அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, குரலிலேயே தெரிந்தது.

"வணக்கம் பாட்டி, நல்லா இருக்கீங்களா? அவங்க கேக்கறத நான் தமிழ்ல சொல்வேன், நீங்க சொல்றத அவங்களுக்குச் சொல்வேன். சரிங்களா?"

"சரி பிள்ளை. ஒண்டையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்."

வயது கேட்டாள், சொன்னேன். என்ன கிழமை என்று கேட்டாள், சொன்னேன். மூன்று சொல்லைச் சொல்லி ஞாபகம் வைத்திருக்கச் சொன்னாள். வாழைப்பழம், சூரியன், கதவு. இன்றைக்கும் சொல்வேன். பிறகு அந்தப் பிள்ளை, "இப்போ என்ன சீசன்னு கேக்கறாங்க பாட்டி. வெயில் காலமா, குளிர் காலமா?" என்றாள்.

நேர்ஸை நன்றாகப் பார்த்தேன். வந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். கோட்டின் சிப் கழுத்துவரை இழுத்திருந்தது. பேனையைப் பிடிக்காத கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அவ ஏன் இன்னும் கோட்டைக் கழட்டேல்லை எண்டு கேளும். அதுதான் என்ரை மறுமொழி."

போனுக்குள்ளிருந்து, "அப்படியே சொல்லட்டுமா பாட்டி?" என்றாள்.

"அப்பிடியே சொல்லும்."

சொன்னாள். நேர்ஸ் குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். மருமகள் மகனின் தடித்த ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு, தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்குச் சிவந்துபோய் நின்றாள். அவள் தன்னைத்தானே அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நேர்ஸ் சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். "பாட்டி சொல்றது சரிதான், இந்த வீடு ரொம்பக் குளிருது, ஹீட்டர் போட முடியுமான்னு கேக்கறாங்க" என்றாள் போன் பிள்ளை.

மருமகள் தன் போனில் வேலையில் இருந்த மகனைக் கூப்பிட்டு, உரக்க வைத்தாள். "இப்ப வீடு எவ்வளவு காட்டுது?"

"இருபத்தாறரை. ஏன்? அம்மா திரும்பத் தொடங்கிட்டாவோ?"

"நேர்ஸ் நடுங்கிறா. நானும் நடுங்கிறன்."

எங்கே அந்தத் தெர்மோஸ்டாட் என்று நேர்ஸ் கேட்டாள். மருமகள் நடைக்குப் போனாள். சுவரில் ஓட்டைதான் இருந்தது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று வாயில் கையை வைத்தாள். நேரே சாமி அலுமாரிக்கு ஓடினாள்.

தட்டியிலிருந்து வரும் காற்றுக்கு விளக்கு அணையாமல், நான் எப்போதும் அலுமாரிக் கதவை முக்கால்வாசி சாத்திவைப்பேன். ஒன்பது மணிக்கு ஏற்றினால் மூன்று மணிவரை எரியும். மருமகள் கதவைத் திறந்தாள். முகத்தில் வெக்கை அடித்தது. பிள்ளையாருக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே, மூலையில் குங்குமத்தோடு, அந்தக் கண்ணாடிப் பெட்டி இருபத்தாறரை என்று எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் அது ஒன்றுதான் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு பாட்டி? யாரும் பேசலையே?" என்றாள் போன் பிள்ளை.

"என்ரை மகன் சாமிக்கு ஹீற்றர் போட்டிருக்கிறான் பிள்ளை. எனக்குப் போடேல்லை."

அவள் சிரித்த சிரிப்பில் மொழிபெயர்க்க மறந்துபோனாள்.

மருமகள் பெட்டியை எடுத்து நடை மேசையில் வைத்தாள். நான் மிச்சக் கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். அரைகுறையாக விட்டுப் போனால் அதையும் ஒருவர் பிழையாக எழுதுவார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். ஐந்துதரம் போதும் என்றாள். நான் நிறுத்தவில்லை. பதினாறு, ஒன்பது, இரண்டு என்று அடிமட்டம்வரை போய், "இதுக்குக் கீழயும் வேணுமோ?" என்று கேட்டேன். அதற்குள் வெளிப் பெட்டி உறுமத் தொடங்கியிருந்தது. நேர்ஸ் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எனக்குக் கை தந்தாள். தனியாக இருப்பதற்கு ஒரு தடையும் இல்லை என்று எழுதுவாளாம்.

பின்னேரம் மகன் வந்தான். சப்பாத்தைக் கழற்றினான். நேரே கராஜுக்குப் போய்ப் பெயின்ற் வாளியை எடுத்துவந்து ஓட்டையை அடைத்துப் பூசினான். மூன்றரைக் கிழமை வராத வருகிற கிழமை அன்றைக்கே வந்துவிட்டது. காய்ந்தபிறகு பெட்டியை அங்கே மாட்டினான். பிறகு புட்டுக் கோப்பையோடு என் எதிரே இருந்தான்.

"அம்மா, தேங்காயெண்ணெய் இருபத்திநாலுக்குக் கிட்டத்தான் இளகுமாம். இன்ரநெற்றில போட்டிருக்கு" என்றான், தான் கண்டுபிடித்ததுபோல.

"அப்பிடியோ. நான் போத்திலைக் காட்டினதை இன்ரநெற்றில போடேல்லையோ?"

கொஞ்ச நேரம் புட்டைப் பிசைந்தான். "ஆனா, சாமிக்கு முன்னால வைக்கச் சொன்னது நீங்கள்தானே."

"ஓம், நான்தான். ஒரு நாளைக்கு. பெட்டியைப் பிழையான இடத்தில விட்டது நாங்கள் எல்லாரும். நான் சொன்னதை நம்பாமல் விட்டது நீ."

அவன் மறுமொழி சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. லைற்றர் மறுநாள் காலை அதன் ஆணியில் தொங்கியது. மருமகள் என்னைக் கட்டிப்பிடித்து, "மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். அவளோடு எனக்குக் கணக்குத் தீர்ந்தது. அந்தப் பழைய பெட்டியைக் குப்பை வாளியில் போட்டிருந்தார்கள். கழற்றிய அன்றைக்கே நான் அதை எடுத்து, என் சேலைகளுக்குள் வைத்திருந்தேன். அதிலிருந்த பொட்டை நகத்தால் உரித்து, புதிய கண்ணாடியில் சூட்டைக் கூட்டும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "ஸ்கிரீன் பழுதாப் போகும் அம்மா" என்றான் மகன். ஆகட்டும். இப்போது குளிர்ந்தால் பொட்டுக்குப் பக்கத்தில் அழுத்துகிறேன். அது தானாகப் பார்க்கும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

இவ்வளவோடு நான் விட்டிருப்பேன். விட முடியாமல் இருப்பதற்குக் காரணம் சிட்னி. மூத்தவள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறாள். முன்பெல்லாம் சம்பல் எப்படி, மழை எப்படி என்று கதைப்பாள். இப்போது ஒவ்வொரு சொல்லாக, உரத்து, "அம்மா... இண்டைக்கு... என்ன கிழமை?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு என்ன கிழமை என்று கேட்கிறவளுக்குத்தான் ரெஸ்ற் வைக்க வேண்டும். அவளிடம் அம்மா குழம்புகிறா என்று சொன்னவன், குழம்பவில்லை என்று இன்னும் சொல்லவில்லை. டொக்டருக்கு எழுதிய கடிதத்துக்கு மேலே இன்னொரு கடிதமும் எழுதவில்லை. நேர்ஸின் தாள் போயிருக்குமே என்கிறான். நேர்ஸின் தாள் நேர்ஸ் சொன்னது. இவன் சொன்னதை இவன்தான் திருப்பி எடுக்க வேண்டும். மூன்றுதரம் கேட்டுவிட்டேன். "வாற கிழமை அம்மா" என்கிறான்.

அதனால்தான் பேத்தியின் கோடு போட்ட கொப்பியை வாங்கி, பதினொரு நாள் இருந்து இதை எழுதினேன். அவளுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆனால் விடாமல் வாசிப்பாள். இப்போது சோபாவில் படுத்திருக்கிறாள். அவளுடைய அப்பன் நடையில் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"பிள்ளை, இஞ்ச வா. இதை ஒருக்கா வாசி, நான் சரியா எழுதினனோ எண்டு பாப்பம்."

"அப்பம்மா, இது லோங்கா இருக்கு. ஃபுல்லா வாசிக்கோணுமோ?"

"முழுக்க. முதல் வரியில இருந்து. உரத்து வாசி, கொப்பாவுக்கும் கேக்கட்டும்."